ஆலன் கீயும் அடங்காத கையும்

குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகியவனுக்கு, வண்டி மேல் எப்படி உட்கார வேண்டும் என்று இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை என்கிற இறுமாப்பு எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. சீட்டைத் தொடாமலே, பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய தலைமுறை. அப்புறம் கல்லூரி, வேலை, ஓ.எம்.ஆர். நெரிசல் என்று இரண்டு சக்கரத்தை விட்டு இறங்கியதே இல்லை. ஆகவே நாற்பதைத் தாண்டிய வயதில், வாடகை லெதர் சூட்டுக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் போய் நின்றபோது வேகத்தை நினைத்துத்தான் வயிறு கலங்கியது. உட்காருவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ட்ராக். 1990-ல் திறந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பு மெட்ராஸ்காரர்கள் ரேஸ் பார்க்கப் போனது சோழவரத்துக்கு, உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துக்கு. என் மாமா ஒருவர் அங்கே போய் வெயிலில் நின்று பார்த்த கதையை எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். அவர் பார்க்க மட்டுமே போனவர். குடும்பத்தில் புத்திசாலி அவர்தான்.

லெதர் சூட் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குனிந்திருக்கிற உடம்புக்குத்தான் அதைத் தைக்கிறார்கள். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கப் பார்த்தால் தோள்பட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். வண்டிகளை நிறுத்தித் தயார்செய்கிற பேடாக்கில் எல்லோரும் லேசாகக் கூன் போட்டு நடப்பதைப் பார்த்து, ரேஸ்காரர்களுக்கு இவ்வளவு பணிவா என்று நெகிழ்ந்துபோனேன். ஹெல்மெட் இன்னொரு கதை. நான் கொண்டுபோனது ரோட்டில் ஓட்டுகிற ஹெல்மெட். டேங்கின் மேல் குனிந்து படுத்தால் அதன் மேல்விளிம்பு கண்ணை மறைத்துவிடும். ரேஸ் ஹெல்மெட்டில் முன்னால் உள்ள திறப்பு நெற்றிப் பக்கம் கொஞ்சம் உயரமாகவே இருக்கும், படுத்தபடியே தூரத்தைப் பார்ப்பதற்காக. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பீடோமீட்டரும் முன்சக்கரத்துக்கு அடுத்த பத்தடித் தாரும். எதிரே வருவது கார்னரா காஞ்சிபுரமா என்று தெரியாமல் முதல் செஷனை முடித்தேன்.

முடித்து வந்ததும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு முன்கைகளும் கல்லாக இறுகிக் கிடந்தன. விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றன. பக்கத்தில் இருந்தவர் "ஆர்ம் பம்ப் சார்" என்றார். எனக்கு வலியை மீறிய சந்தோஷம். மோட்டோ ஜிபி ஓட்டுகிறவர்களுக்கு வருகிற உபாதை அது. முன்கைத் தசை வீங்கி, அதைச் சுற்றியுள்ள உறையே அதை நெருக்கிவிடும். 2015-ல் டானி பெட்ரோசா இதற்காக ஆபரேஷன் செய்துகொண்டு சில ரேஸ்களுக்கு வராமலே இருந்தார். அவர் ஓட்டியது 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிற வண்டி. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 155 சிசி ஆர்15. ஆனாலும் அன்றிரவு வீட்டில் "ரேஸருக்கு வர்ற வியாதி" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப பாத்திரம் துலக்க முடியாதுன்னு சொல்ல வர்றீங்க" என்றாள் மனைவி.

கை வலி மட்டும் என்றால் தைலத்தோடு போயிருக்கும். வண்டி திரும்பவே மாட்டேன் என்றது. வளைவுக்குள் நுழைந்தால் உள்விளிம்புக்கு வராமல் வெளியே வெளியே ஓடியது. நான் பொறியியல் படித்தவன். வண்டி திரும்பவில்லை என்றால் கோளாறு வண்டியில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த வாரமே ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கிளிப்-ஆன், ரியர்செட், கவர்ச்சியான ஒரு ஆலன் கீ செட். கடைக்காரர் "ரேஸ் ஓட்றீங்களா சார்?" என்று கேட்ட கேள்விக்கே பில்லில் பாதி சரியாகப் போயிற்று.

கிளிப்-ஆன் என்பது முன் ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள். போல்ட்டைத் தளர்த்தி மேலே கீழே நகர்த்தலாம், முன்னே பின்னே திருப்பலாம். நான் கீழே இறக்கினேன். ஏன் கீழே? போஸ்டரில் எல்லோருக்கும் கீழேதான் இருந்தது. வலிக்கிற மணிக்கட்டின் மேல் இன்னும் கொஞ்சம் எடையை ஏற்றினால் வலி குறையும் என்பதற்கு என்ன லாஜிக் வைத்திருந்தேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

கிளிப்-ஆனை நகர்த்தினால் முதல் காரியமாக ஹேண்டிலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஆக்சிலேட்டர் கேபிள் இறுகித் தானாக வேகம் ஏறுகிறதா, கைக்கும் டேங்குக்கும் இடையே விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அடுத்த முறை ட்ராக்குக்குப் போனபோது பேடாக்கில், நடக்கிற வேகத்தில், இடப்பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினேன். இடது கட்டைவிரல் கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கிளட்ச் பிடிக்கிற கை அது. கிளட்சை அழுத்தவும் முடியவில்லை, கையை உருவவும் முடியவில்லை. வண்டி ஒரு முறை முக்கி, நின்று, அப்படியே சாவகாசமாகச் சாய்ந்தது. நானும் கூடவே. ட்ராக்கில் 12 வளைவு இருக்க, டீ கேனுக்கு முன்னால் விழுந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் ஒருவர் கையில் வடை. அதைக் கீழே வைக்காமலே தூக்கினார்.

ரியர்செட்டில் செய்தது இதைவிட மோசம், ஆனால் யாரும் பார்க்கவில்லை. கால் வைக்கும் பெக்கை வழக்கத்தைவிடப் பின்னாலும் உயரத்திலும் பொருத்தத் தருகிற அலுமினியத் தட்டு அது. சாய்க்கும்போது பெக் தரையில் உரசாமல் இருப்பதற்கும், குனியும்போது இடுப்புக்கு வசதியாகவும். வரிசையாக ஓட்டைகள் இருக்கும். இருப்பதிலேயே மேல் ஓட்டைக்குப் பெக்கை மாற்றினேன். எல்லாவற்றிலும் மேல்தானே நல்லது. காலைத் தூக்கி வைத்ததும் முட்டி மடங்கி நேராகத் தொப்பையில் வந்து இடித்தது. அதைக்கூடச் சகித்துக்கொண்டேன். பெக் உயர்ந்ததே தவிர கியர் லிவரும் பிரேக் பெடலும் பழைய இடத்திலேயே நின்றன. லிவருக்கு அடியில் ஷூ நுனியை நுழைக்கப் பாதாளத்தில் தேடுவதுபோல் காலை இறக்க வேண்டியிருந்தது. மெயின் ஸ்ட்ரெயிட் முழுக்க மூன்றாவது கியரில் என்ஜின் அலற அலறப் போனேன். பிட்டில் இருந்தவர்கள் துணிச்சல் என்று நினைத்திருக்கலாம்.

கியர் ராடின் நீளத்தைச் சரிசெய்தேன். அந்தச் சூட்டோடு பிரேக் பெடலையும் உயர்த்தினேன், ஒரு சுற்று அதிகமாக. பெடலுக்கு இருக்க வேண்டிய சின்ன ஆட்டம், விரலால் தட்டினால் தெரிகிற அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர், போய்விட்டது. பெக்கில் காலை வைத்தாலே ஷூவின் எடைக்குப் பின்பிரேக் பிடித்தது. ஒரு செஷன் முழுக்க பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். இறங்கியதும் கருகிய நாற்றம். பின் டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டேன். சொய்ங் என்று சத்தம் போட்டு மறைந்தது. டிஸ்க் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. ட்ராக்கில் விடுவதற்கு முன்னால் எல்லா விளக்குகளின் மேலும் டேப் ஒட்டச் சொல்வார்கள், உடைந்தால் கண்ணாடி சிதறக் கூடாது என்பதற்காக. அந்த டேப் என் மானத்தைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி சுற்று முழுக்கச் சிவப்பு எரிந்துகொண்டே போயிருக்கும்.

இந்த இடத்தில் ரேஸ் உலகப் பெரியவர்களைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, அவர்களைக் காட்டித்தான் நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மைக் ஹெய்ல்வுட் காலத்தில் இரண்டு முட்டியையும் டேங்கோடு ஒட்டி வைத்து வளைவார்கள். பின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் சீட்டிலிருந்து நகர்ந்து முட்டியை வெளியே நீட்ட ஆரம்பித்தார். 1978-ல் 500 சிசி உலகப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ் அந்த முட்டியைத் தரையில் வைத்துக் காட்டி உலகத்துக்கே வழக்கமாக்கினார். மார்க் மார்க்கெஸ் 2013-ல் வந்து முழங்கையைத் தரையில் தேய்த்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் மிக் டூஹன். 1992-ல் ஆஸனில் விழுந்து வலது கால் நாசமாகி, பின்பிரேக்கைக் காலால் மிதிக்க முடியாமல் போனது. இடது கட்டைவிரலால் அழுத்துகிற பிரேக்கைக் கைப்பிடியில் பொருத்திக்கொண்டார். அப்புறம் 1994 முதல் 1998 வரை வரிசையாக ஐந்து பட்டம். இவர்கள் எல்லோருமே உட்காரும் விதத்தை மாற்றியவர்கள், ஆகவே நானும் மாற்றலாம் என்று எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னிடம் ஆலன் கீ இருந்தது.

ட்ராக்கில் பயிற்சி கொடுக்க வந்தவனுக்கு என் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓட்டுகிற பையன். என்னை முதல் வார்த்தையிலேயே "அங்கிள்" என்று கூப்பிட்டு அடக்கிவிட்டான். என் புகார்களை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டான். பிறகு வண்டியைப் பின் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னால் வந்து ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டான்.

"ஏறி உட்காருங்க அங்கிள். ஸ்ட்ரெயிட் முடியுது, பிரேக் பிடிக்கிறீங்க. அந்த பொசிஷன்."

குனிந்து, பிரேக் பிடிக்கிற மாதிரி கையை விறைத்தேன்.

"இப்ப ரெண்டு கையையும் எடுங்க."

எடுத்தேன். நெற்றி நேராக டேங்கில் போய் மோதியது. ஹெல்மெட் இல்லாத சமயம். டங் என்று கேட்டது.

"அவ்ளோதான் அங்கிள்" என்றான். "நீங்க கை மேல உட்காந்திருக்கீங்க."

பலமாக பிரேக் பிடிக்கும்போது, 75 கிலோ ஆளை முன்னால் தள்ளுகிற விசை அவருடைய எடைக்குப் பக்கத்தில் போய்விடும். அதைத் தாங்க உடம்பில் ஏதாவது ஒன்று வேண்டும். தொடையும் முட்டியும் டேங்கைக் கவ்விப் பிடித்தால், வயிற்றுத் தசையும் முதுகும் மேல்பாதியைத் தூக்கி நிறுத்தினால், கை சும்மா இருக்கலாம். அவை வேலைநிறுத்தம் செய்தால் எல்லாம் மணிக்கட்டில் வந்து இறங்கும். என்னுடையவை பல வருடமாக வேலைநிறுத்தத்தில் இருந்தன.

மணிக்கட்டு வலிப்பது இதில் சின்ன சமாச்சாரம். ஓரளவு வேகத்துக்கு மேல் பைக் திரும்புவதே கைப்பிடியைத் தள்ளித்தான். வலப்பக்கம் சாய வேண்டுமென்றால் வலது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். நம்மை அறியாமலே எல்லோரும் செய்வதுதான். இரண்டு கையிலும் உடம்பைத் தாங்கிக்கொண்டு வளைவுக்குள் போனால் என்ன ஆகும்? வலது கை "திரும்பு" என்று தள்ளும்போது இடது கையும் அதே பலத்தோடு "திரும்பாதே" என்று தள்ளிக்கொண்டிருக்கும். நடுவில் வண்டி பாவம், நேராகப் போகும். புது கிளிப்-ஆன் வாங்கி, இறக்கி, இரண்டு தள்ளுதலையும் இன்னும் பலமாக்கியிருந்தேன். இதுபோக, முன்சக்கரம் தன்னைத்தானே நேர்ப்படுத்திக்கொள்ளும்படிதான் வண்டியை வடிவமைக்கிறார்கள். சின்ன மேடு பள்ளத்தில் ஹேண்டில் கொஞ்சம் துடித்துத் தானே அடங்கும். இறுக்கிப் பிடித்தால் அந்தத் துடிப்பு கை வழியாக உடம்புக்குள் போய், உடம்பு மறுபடி அதை வண்டிக்கே திருப்பி அனுப்பும். வேகத்தில் வண்டி நடுங்கியது என்று நான் டயர்க்காரரைத் திட்டியிருந்தேன். அந்த வசவை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

கீத் கோட் என்கிற அமெரிக்கப் பயிற்சியாளர் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார், 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்'. வண்டி ஓட்டுகிறவனின் கவனத்தைப் பத்து டாலர் நோட்டாக வைத்துக்கொள் என்கிறார். எதில் எவ்வளவு செலவழிக்கிறாய் என்று பார். நான் கணக்குப் பார்த்தேன். மணிக்கட்டு வலிக்கு நாலு, வழுக்கி முன்னால் போகிற பின்புறத்தை இழுத்து இழுத்து உட்கார மூன்று, கியர் லிவரைத் தேட இரண்டு. மீதி ஒரு டாலரில்தான் ட்ராக்கைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தொப்பையை அரைக்கண்ணால் பார்க்கிற மாதிரி.

அதன்பிறகு பையன் எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்தான், கால்களிலிருந்து. பெக்கை ஒரு ஓட்டை கீழே இறக்கினான், தொப்பைக்கு மரியாதை கொடுத்து. பாதத்தின் முன்பகுதிதான் பெக்கில் இருக்க வேண்டும் என்றான். நடுப்பாதத்தை வைத்தால் விரல் வெளியே நீட்டிக்கொண்டு தரையில் உரசும், கணுக்காலைச் சுழற்றி உடம்பை நகர்த்தவும் வராது. வளைவுக்கு வெளிப்பக்கத் தொடை டேங்கில் பூட்டுப் போட வேண்டும். அந்தப் பூட்டு சரியாக விழுந்தால் மறுபக்கம் சீட்டில் பாதி இறங்கினாலும் கையால் தொங்க வேண்டாம். என் டேங்கோ வழுவழுவென்று மெழுகு போட்டுத் துடைத்தது. பளபளப்புக்காக நான்தான் வாரம் தவறாமல் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் சொரசொரப்பான ரப்பர் ஒட்டினோம். வழுக்குகிற சீட்டுக்கு யோகா பாயை வெட்டி டபுள் டேப்பில் ஒட்டினோம். டாக்டர் பேச்சைக் கேட்டு வாங்கி, சுருள் பிரிக்காமல் வைத்திருந்த பாய். கடைசியில் என் முதுகுக்கு உபயோகப்பட்டதே.

கிளிப்-ஆன் மேலே ஏறியது. லிவர்கள்தான் கடைசி. உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்கும்படி பிரேக் லிவரைச் சாய்த்தான். முன்பு அது நிமிர்ந்து நின்றதால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மணிக்கட்டைப் பின்னால் ஒடித்திருக்கிறேன். லிவரின் கவ்வியை முழுசாக முறுக்காமல் கொஞ்சம் விட்டான். விழுந்தால் லிவர் உடையாமல் சுழன்று கொடுக்கும் என்றான். விழுவது நிச்சயம் என்ற அந்தத் தொனியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"நேர் ரோட்டுல முழங்கைய ஆட்டுங்க அங்கிள், கோழி மாதிரி. ஆடலைன்னா நீங்க இறுக்கிப் பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

ஆட்டினேன். மெயின் ஸ்ட்ரெயிட்டில் சிறகடித்தபடி போன என்னைப் பார்த்து, சூட்டுக்குள் தேனீ புகுந்துவிட்டது என்று கூட வந்திருந்த நண்பர் கொடி காட்டுபவரிடம் ஓடியிருக்கிறார்.

ஆனால் ஒரு வளைவில், ஒன்றே ஒன்றில், வண்டி திரும்பியது. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வலது உள்ளங்கையால் தொட்டதும் சாய்ந்து, உள்விளிம்பின் சிவப்பு வெள்ளைக் கட்டையை நோக்கித் தானே போனது. பயந்துபோய் அடுத்த வளைவில் பழையபடி இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

போட்டோக்காரர் எடுத்தது அந்த அடுத்த வளைவைத்தான். படத்தில் என் பின்புறம் சீட்டை விட்டு அழகாக இறங்கியிருக்கிறது. தலையும் தோளும் மட்டும் வண்டிக்கு மறுபக்கம், பஸ் படிக்கட்டில் ஏற மனமில்லாதவர் மாதிரி. முட்டி நீட்டிய நீட்டுக்குத் தரை எங்கேயோ இருக்கிறது. முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்லைடர் புதுக்கருக்கு மாறாமல் மின்னியது. அது பொறுக்காமல் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாடிப்படி சிமெண்டில் அதைத் தேய்த்தேன். அடுத்த முறை பையன் அதை ஒரு பார்வை பார்த்தான்.

"கீறல் மேலும் கீழுமா இருக்கே அங்கிள். ட்ராக்ல உரசினா முன்னாடியிலிருந்து பின்னாடி போகும்."

வெயிலைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். அவனும் விட்டுக்கொடுத்தான். ஆனால் என் பையைத் திறந்து ஆலன் கீ செட்டை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சாயந்திரம் வரை இந்த வண்டியில் ஒரு போல்ட்டைத் தொடக் கூடாது, காலை மட்டும் கவனியுங்கள் என்றான். சரி என்றேன். மதியம் வரை ஒழுங்காகவே ஓட்டினேன், பாட்டில் மூடியைக்கூட நானே திறந்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கராஜில் உட்கார்ந்திருந்தபோது, பிரேக் லிவர் ஒரு நூல் இறங்கினால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று தோன்றியது. பையன் கண்ணில் படவில்லை. பக்கத்துக் கராஜில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மெல்லப் போனேன்.

"அண்ணே, ஒரு அஞ்சு எம்.எம். ஆலன் கீ கிடைக்குமா? அஞ்சே நிமிஷம்."